இரண்டு கடிகாரம் ஓடிய லேப்டாப்

போன மாதம் அரியலூரிலிருந்து ஓர் இளம் நிருபர் போன் செய்தார். புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறாராம், அதை இயக்க எந்த மென்பொருளைப் போடுவது என்று குழப்பமாம்.

"சார், விண்டோஸா லினக்ஸான்னு முடிவு பண்ண முடியல. ரெண்டையும் போட்டுக்கலாம்னு பாக்குறேன். நீங்க அந்தக் காலத்துலயே ஒரே லேப்டாப்ல ரெண்டும் வெச்சிருந்தீங்களாமே" என்றார்.

அந்தக் காலம் என்று அவர் சொன்னது 2006-ஐ. ஓய்வு பெற்றவனுக்கு எல்லாக் காலமும் அந்தக் காலம்தான்.

"போட்டுக்கங்க. போட்டதும் ரெண்டுலயும் மணி என்னன்னு பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். போனில் விளக்கி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1995-ல் பெரம்பலூரில் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. செய்தியை வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கவரில் போட்டு, மதியம் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். கண்டக்டர் கொடுக்க மறந்துவிட்டால் கவர் மறுநாள் அதே பஸ்ஸில் என்னிடமே திரும்பி வரும். பிறகு ஃபேக்ஸ் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முழு நேர நிருபராகி அரியலூருக்கு மாறினேன். நான் மாறிய சமயத்தில் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் திரும்பவும் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் என் விசிட்டிங் கார்டு வீணானது. பிரிப்பதும் சேர்ப்பதும் மேலே இருப்பவர்களுக்கு ஒரு கையெழுத்து வேலை என்பதை அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் திருச்சியில் செய்தி ஆசிரியர் தணிகாசலம். கத்த மாட்டார், திட்ட மாட்டார். போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "வரலயே" என்பார். அதற்கு, அரியலூர்ச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். எந்தக் குறையைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "கரூர்ல பண்றாங்களே." கரண்ட் இல்லை சார் என்றால், "கரூர்ல மட்டும் என்ன வாழுதாம், பண்றாங்களே" என்பார். பல வருஷம் அந்தக் கரூர் நிருபரை நான் மனதுக்குள் வெறுத்தேன். ஒரு கூட்டத்தில் அவரை நேரில் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரியலூர்ல நீங்கதானா? உங்களாலதான் சார் என் பொழப்பே நாறுது" என்றார். அவரிடம் தணிகாசலம் சொல்லி வந்தது, "அரியலூர்ல பண்றாங்களே."

இனி லேப்டாப். எல்லா மாவட்ட நிருபர்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தபோது அதில் விண்டோஸ் இருந்தது. நான் ஆறு வருஷமாகப் பழகிய தட்டச்சு முறை அதில் இருந்தது. கேமராவிலிருந்து படம் இறக்கும் வசதி இருந்தது. போன் வயரைச் செருகினால் திருச்சிக்குச் செய்தி போனது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மாற்ற முடிவு செய்தார்கள்.

ஆபீஸில் புதிதாகப் பக்கம் தயாரிக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. பழைய எழுத்துருவில் அடித்த செய்தியை அது ஏற்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடிக்க வேண்டும். அதற்கு லினக்ஸ் போதும், இலவசம், வைரஸ் வராது என்று கம்ப்யூட்டர் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு என்பது பிரபாகர் என்ற ஒரே ஓர் இன்ஜினீயர். கெட்டிக்காரர். நல்ல மனிதரும்கூட. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்வார். அவர் அரியலூருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருந்த என் அறையில் அரை நாள் உட்கார்ந்து லினக்ஸைப் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, போன் லைன் வழியே செய்தி அனுப்ப லேப்டாப்புக்குள் இருக்கும் மோடம் லினக்ஸில் வேலை செய்யாது. போன் லைனே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இந்த மோடம் விண்டோஸுக்குன்னே செஞ்சது சார்" என்றார் பிரபாகர்.

"அப்ப செய்தியை எப்படி அனுப்புறது?"

"விண்டோஸ் அப்படியே இருக்கட்டும் சார். ரெண்டும் இருக்கும். இதுல எழுதுங்க, அதுல அனுப்புங்க."

சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் தணிகாசலத்திடமிருந்து ஒன்பது குறிப்புகள் கொண்ட சுற்றறிக்கை வந்தது. அதன்படி ஒரு செய்தி அனுப்புவது எப்படி என்று சொல்கிறேன்.

லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். ஒன்று லினக்ஸ், ஒன்று விண்டோஸ். சில நொடிக்குள் அம்புக்குறியால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் போன் அடித்து நீங்கள் திரும்பிவிட்டால் அது தானாக லினக்ஸுக்குள் போய்விடும். படம் இருந்தால் முதலில் விண்டோஸுக்குப் போக வேண்டும், கேமரா அங்கேதான் பேசும். படத்தை இறக்கி, இரண்டுக்கும் பொதுவாகப் பிரித்து வைத்திருந்த பகுதியில் சேமிக்க வேண்டும். நிறுத்த வேண்டும். மறுபடி போட்டு, லினக்ஸுக்குப் போய்ச் செய்தியை அடிக்க வேண்டும். அதையும் பொதுப் பகுதியில் சேமித்து, நிறுத்த வேண்டும். மறுபடி போட்டு, விண்டோஸுக்குப் போய், இரண்டையும் ஒன்றாகச் சுருக்கிக் கட்டி, போன் வயரைச் செருகி அனுப்ப வேண்டும். இடையில் கரண்ட் போகும். பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுத்து முடிவதற்குள் நான் தேர்ப் படத்தை அனுப்பி முடித்ததில்லை.

அனுப்பியதைத் திருச்சியில் ஒரு புரோகிராம் பிரித்து அடுக்கும். ஒரே தலைப்பில் இரண்டு செய்தி வந்தால், எது கடைசியாக எழுதப்பட்டதோ அதை, லேப்டாப் பதித்த நேரத்தைப் பார்த்து, மேலே வைக்கும். பக்கம் போடுகிறவர் மேலே இருப்பதை எடுத்துக்கொள்வார். பழையதை அழித்துவிட்டுப் புதியதை அனுப்பு, போன் செய்து சொல் என்ற சங்கடமெல்லாம் இனி இல்லை என்று எட்டாவது குறிப்பு பெருமைப்பட்டது. அவசரத்துக்கு விண்டோஸிலேயே யூனிகோடில் அடித்து அனுப்பலாம் என்றது ஒன்பதாவது.

கடிகாரக் கோளாறு ஆரம்பத்திலேயே என் கண்ணில் பட்டுவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு லினக்ஸில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே வெயில். திரையின் ஓரத்தில் இரவு ஒன்பதரை என்று இருந்தது. திருத்தினேன். எழுதி முடித்து விண்டோஸுக்குப் போனால், அங்கே காலை பதினொன்று ஆகியிருந்தது. அதையும் திருத்தினேன். மறுநாள் லினக்ஸில் மறுபடி இரவு. ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெட்டது. வித்தியாசம் எப்போதும் ஐந்தரை மணி நேரம். ஒரு வாரம் இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசிவிட்டு, விண்டோஸை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு லினக்ஸை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

பிரபாகரிடம் சொன்னேன். "உள்ள ஒரு சின்ன பேட்டரி செல் இருக்கும் சார், அது போயிருக்கும்" என்றார். செல்லை மாற்றினார். மாறவில்லை.

தணிகாசலத்திடம் சொன்னேன். "கையில வாட்ச் இருக்குல்ல?" என்றார். இருந்தது.

மாதக்கணக்கில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. எல்லாச் செய்தியையும் லினக்ஸில்தான் எழுதினேன். எல்லாமே ஒரே அளவு பொய் சொன்னதால் வரிசை கெடவில்லை.

கெட்ட நாளைச் சொல்கிறேன். கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அந்த ஊர் வழியாகத்தான் போகும். மதியம் ஒரு லாரி, புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த காளிமுத்து என்பவரை அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். டிரைவர் இறங்கி ஓடிவிட்டார். நான் போனபோது ஊர் முழுவதும் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. புல்லுக்கட்டு அவிழாமல் அப்படியே கிடந்தது. காளிமுத்துவின் தம்பி அய்யாக்கண்ணு லாரியின் கண்ணாடியை உடைத்துவிட்டு, கையில் ரத்தத்தோடு நின்றிருந்தார்.

"இது செல்வராசு வண்டிதான். தெனம் ஓட்டுறது அவந்தான்" என்றார் அய்யாக்கண்ணு. செல்வராசுவும் அதே ஊர்க்காரர். லாரி காண்டிராக்டரின் கணக்குப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். அந்த வண்டிக்கு டிரைவர் செல்வராசுதான் என்று அவரும் சொன்னார். இரண்டு பேர் சொன்னால் எழுதலாம் என்பது எங்கள் வழக்கம். அறைக்கு வந்து, 'தப்பி ஓடிய டிரைவர் செல்வராசுவைப் போலீசார் தேடி வருகின்றனர்' என்று லினக்ஸில் எழுதி, விண்டோஸுக்கு மாறி, நாலரை மணி வாக்கில் அனுப்பினேன்.

இருட்டுகிற நேரத்தில் மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார். செல்வராசுவின் மனைவி மல்லிகா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேப்பர்ல எழுதுறவங்க நீங்கதானாங்க?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு வண்டி ஓட்டலைங்க. காத்தால காச்சல்னு இங்க பெரியாஸ்பத்திரில வந்து படுத்தாரு. குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்கு. வண்டிய வேற ஆளு எடுத்துட்டுப் போயிருக்காரு. நீங்க வந்து பாக்கறதுன்னாலும் பாருங்க."

"ஊர்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரில போய் ஒளிஞ்சிக்கிட்டாங்கிறாங்க." பிறகு கேட்டார். "பேப்பர்ல பேரு வந்துடுங்களா? வந்துடும்னா சொல்லிடுங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஜெயங்கொண்டத்துல எங்க அக்கா வூட்டுக்குப் போயிடுறேன். கடைசி பஸ் இருக்கு. வாய்ல சொல்றத அவங்க நம்பல. பேப்பர்ல வந்துச்சுன்னா நம்பிருவாங்க."

நான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனேன். பக்கம்தான். செல்வராசு கையில் ஊசியோடு படுத்திருந்தார். காலையிலேயே வந்து சேர்ந்தவர் என்று நர்ஸ் சொன்னார். திரும்பி வந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். வண்டியை ஓட்டிய மாற்று டிரைவர் சற்று முன்புதான் பெரம்பலூரில் போலீசில் சரணடைந்துவிட்டதாக அவர் சொன்னார். பெயரும் கொடுத்தார்.

லேப்டாப் விண்டோஸில் இருந்தது. நிறுத்தி, போட்டு, லினக்ஸுக்குப் போய் எழுதி, மறுபடி நிறுத்தி, போட்டு வருவதற்குள் கரண்ட் போய்விடும் என்று பட்டது. ஒன்பதாவது குறிப்பின்படி விண்டோஸிலேயே அடித்தேன். சரணடைந்தவரின் பெயரைப் போட்டு, செல்வராசுவின் பெயரை அடியோடு எடுத்துவிட்டு, அதே தலைப்பில் அனுப்பினேன். மணி ஏழைத் தாண்டியிருந்தது. திருச்சிக்குப் போன் செய்தேன். பக்கம் போடும் உதவி ஆசிரியர் எடுத்தார்.

"அரியலூர் லாரி விபத்து. டிரைவர் பேர் மாறியிருக்கு. புதுசு அனுப்பிட்டேன்."

"வந்துட்டுது சார். ரெண்டு இருக்கு. மேல இருக்கறத எடுத்துக்குறேன்."

"சரி."

செல்வராசு என்ற பெயர் வரக் கூடாது என்று வாய்விட்டு நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தானே அந்த ஏற்பாடே செய்திருந்தார்கள்.

மல்லிகா சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு வராதும்மா. வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"நெசமாத்தானுங்களே?"

"நெசமாத்தான்."

அவர் படியிறங்கிப் போனார்.

காலையில் பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதே முதல் பக்கத்தின் கீழே இருந்தது. 'தப்பி ஓடிய டிரைவர் செல்வராசுவைப் போலீசார் தேடி வருகின்றனர்.' நான் நாலு மணிக்கு எழுதியது, ஓர் எழுத்துகூட மாறாமல். வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். பிறகு வண்டியை எடுத்தேன்.

எனக்கு முன்னால் பேப்பர் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஊரில் பேப்பர் வாங்குவது ஒரே ஒரு டீக்கடை. அங்கே ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். செல்வராசுவின் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம். நான் போனபோது கல்லெறிந்தவர்கள் கலைந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வேப்பமர நிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்து ஓடுகள் நொறுங்கி வாசல் முழுவதும் கிடந்தன. குடம் நசுங்கியிருந்தது. பிள்ளைகள் இருவரும் சமையல்கட்டுக்குள் இருந்தார்கள். மல்லிகாவின் முழங்கையில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"வூட்டுக்குப் போங்கன்னீங்க. வந்தேன்" என்றார்.

மறுபடி ஓட்டுத் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தார்.

திரும்பி வந்து தணிகாசலத்துக்குப் போன் செய்தேன். அன்று அவரை "வரலயே" சொல்ல விடவில்லை.

"பழசைப் போட்டுட்டீங்க சார்."

"பாத்துட்டேன். ரெண்டும் எங்கிட்ட இருக்கு. கடைசியா எழுதுனதைத்தான் போட்டிருக்கோம். செல்வராசு பேர் உள்ளதை நீங்க ராத்திரி ஒன்பதரைக்கு எழுதியிருக்கீங்க. பேர் இல்லாததை ஏழேகாலுக்கு."

"அது நாலரைக்கே வந்துடுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நாலரைக்கு யாரும் பாக்கல. பக்கம் போடும்போது பாத்தாங்க. அப்ப மணி பத்து."

"ஒன்பதரைக்கு நான் சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

"கம்ப்யூட்டர்ல ஒன்பதரைன்னு இருக்கு" என்றார் தணிகாசலம், சற்றும் குரல் உயராமல்.

என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு முறை போனை அவர் வைப்பதற்கு முன்னால் நான் வைத்தது அன்றுதான். மதியம் அவர் கார் எடுத்துக்கொண்டு பிரபாகரோடு அரியலூர் வந்துவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என் அறைப் படியேறியதில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, "போடுங்க" என்றார்.

லினக்ஸில் போட்டேன். திரையில் இரவு எட்டேகால். தன் வாட்சைப் பார்த்தார், இரண்டே முக்கால். நிறுத்தி விண்டோஸில் போட்டேன். இரண்டே முக்கால் தாண்டி ஐந்து நிமிடம். மறுபடி வாட்சைப் பார்த்தார். "இன்னொரு தடவ" என்றார். காட்டினேன். இப்படி நான்கு முறை உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது எழுந்து வரும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நான் எத்தனை முறை இப்படிக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கரூர்ல இப்படி இல்லயே" என்றார். சொன்ன கையோடு கரூருக்கே போன் செய்தார். அந்த நிருபர் மறுமுனையில் நீண்ட நேரம் பேசினார். தணிகாசலம் "ம்" மட்டும் போட்டார். வைத்துவிட்டு, "அங்கயும் இருக்காம்" என்றார்.

பிரபாகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெஷினுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடும் சார். அதுல இருக்கறது நம்ம ஊர் நேரம்னு விண்டோஸ் எடுத்துக்கும். லண்டன் நேரம்னு லினக்ஸ் எடுத்துக்கிட்டு, மேல அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டும். ஒண்ணு மட்டும் இருந்தா தெரியாது. ரெண்டையும் போட்டா அப்படித்தான் சார் இருக்கும்."

"செல்லுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"நீங்க மணி தப்பா காட்டுதுன்னுதான் சொன்னீங்க. ரெண்டுலயும் வேற வேற காட்டுதுன்னு சொல்லல சார்."

"இதச் சரி பண்ண முடியுமா?" என்றார் தணிகாசலம்.

பிரபாகர் லினக்ஸுக்குப் போய், ஒரு இடத்தைத் திறந்து, ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தார். மூடினார். "ஆயிடுச்சு சார்."

ஒரு டிக். நசுங்கிய குடம்தான் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு வேணாம். ஒண்ணு சொல்லுங்க, எது வேணும்?" என்று தணிகாசலம் என்னைக் கேட்டார்.

எது நல்லது என்று இன்றைக்கும் பிள்ளைகள் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அன்று எந்தக் கட்சியும் இல்லை. எழுதுகிற இடத்திலிருந்தே அனுப்ப முடிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்றேன். வெளியே வைக்கிற மோடம் ஒன்று வாங்கினால் லினக்ஸிலேயே போன் லைன் வேலை செய்யும் என்றார் பிரபாகர். இதையும் முன்பே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பார். மறுவாரம் மோடம் வந்தது. விண்டோஸை எடுத்துவிட்டோம். கேமராவுக்கு மட்டும் கீழே ஒரு ஸ்டுடியோவில் போய்ப் படத்தை இறக்கிக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அதுதான் ஓடியது.

அன்று கிளம்பும் முன் தணிகாசலம் திருத்தத்தை எழுதச் சொன்னார். 'கணினிக் கோளாறு காரணமாக' என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். அது வேண்டாம், அந்த ஊரில் யாருக்கும் கணினி மேல் கோபமில்லை என்றேன். யோசித்துவிட்டு அந்த வார்த்தைகளை எடுத்துவிடச் சொன்னார். அதே இடத்தில், முதல் பக்கத்தின் கீழே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்றேன்.

"திருத்தத்துக்கு இடம் மூணாம் பக்கம்."

"கல்லு விழுந்தது முதல் பக்கத்தால சார்."

"வழக்கம் இல்ல" என்றார். படியிறங்கும்போது பாதியில் நின்று, "அந்தம்மா கைல ரொம்ப அடியா?" என்று கேட்டார். முழங்கையில் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் ஒரு ஓரமாக ஐந்து வரி வந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு மல்லிகாவின் வீட்டுக்குப் போனேன். செல்வராசு வீடு திரும்பியிருந்தார். ஓட்டு மேல் பனையோலைத் தட்டியைப் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், இறங்கவில்லை. மல்லிகா பேப்பரை வாங்கி, எங்கே என்று தேடினார். விரலால் காட்டினேன். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார்.

"இத்துனூண்டு போட்டிருக்கீங்க."

"கேட்டேம்மா. இவ்வளவுதான் போட்டாங்க."

"யாரு படிப்பா இத?" பேப்பரை மடித்து என்னிடமே நீட்டினார். "நேத்து டீக்கடையில சத்தமாப் படிச்சாங்க. எனக்கு இங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. இதையும் யாராச்சும் படிக்கணும்ல. நீங்கதான எழுதுனீங்க."

தனக்கு முன்னால் என்னை நடக்கவிட்டு, பின்னால் வந்தார். டீக்கடை பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். அன்றைய பேப்பர் அங்கேயும் கிடந்தது, முதல் பக்கம் மேலாக மடித்து. கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாலை ஆற்றுவதை நிறுத்தினார்.

பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியதை நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுப் படித்ததில்லை. நின்றபடி மூன்றாம் பக்கத்தை விரித்தேன்.

"லாரி மோதி விவசாயி காளிமுத்து உயிரிழந்த செய்தியில், லாரியை ஓட்டியவர் செல்வராசு என்று நேற்று தவறாக வெளியாகிவிட்டது. விபத்து நடந்தபோது அவர் காய்ச்சலுக்காக அரியலூர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்தார். அவருக்கும் இந்த விபத்துக்கும் தொடர்பில்லை. லாரியை ஓட்டிய வேறொருவர் போலீசில் சரணடைந்துவிட்டார். தவறுக்கு வருந்துகிறோம்."

ஒருவர் பீடியைக் காலடியில் தேய்த்தார்.

"நேத்திக்குப் போட்டவங்களும் நீங்கதான?" என்றார் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர்.

"ஆமாங்க."

"இன்னிக்குப் போட்டதும் நீங்கதான். அப்ப எத நம்புறது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அஞ்சரை மணி நேரம், லண்டன், டிக் என்று எதை எடுத்தாலும் அந்தப் பெஞ்சில் அது நிற்காது.

"ஆஸ்பத்திரியில நானே போய்ப் பாத்தேங்க. சரணடைஞ்ச ஆளப் பத்தி இன்ஸ்பெக்டர் வாயாலயே கேட்டேன்" என்றேன்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். பேப்பரை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பேப்பரை மடித்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன். மல்லிகா நகரவில்லை. கல்லங்குறிச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கட்டோடு காளிமுத்துவின் தம்பி அய்யாக்கண்ணு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ படிங்க சார்" என்றார் மல்லிகா. "அவரு இப்பத்தான் வர்றாரு."

மறுபடி விரித்தேன்.